டின் விளக்கு, ஜாடி விளக்கு: மெழுகின் கடைசிக் கால் மணி நேரத்தில் தெரியும் தவறுகள்

காலி டின்களிலும் கண்ணாடி ஜாடிகளிலும் மெழுகுவர்த்தி விளக்கு செய்யப் பழகுபவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால், ஒரே தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. பலவும் தொடக்கத்தில் நானும் செய்தவைதான். தகர விளிம்பில் கையை வெட்டிக்கொள்ளாதீர்கள், திரைச்சீலைக்குப் பக்கத்தில் ஏற்றாதீர்கள் என்பதெல்லாம் யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. விளக்கைச் செய்து முடித்து, ஏற்றி, எல்லோரும் "நல்லா இருக்கே" என்று சொன்ன பிறகு தலைகாட்டும் தவறுகளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

புதிதாகச் செய்பவர்கள் ஏற்றிய முதல் ஐந்து நிமிடத்திலேயே விளக்கு சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அப்போது சுடர் உயரத்தில் இருக்கும், மெழுகு கெட்டியாக இருக்கும், எந்த விளக்கும் ஒழுங்காகவே எரியும். மெழுகு தீரப்போகும் கடைசிக் கால் மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

## எந்த டின்?

காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது எஃகுத் தகரம், விளக்குக்கு ஏற்றது. குளிர்பான டின்கள் பெரும்பாலும் அலுமினியம். அவற்றின் சுவர் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். ஆணி அடித்தால் நசுங்கும், வெட்டினால் விளிம்பு பிளேடு மாதிரி நிற்கும், காற்றடித்தால் உருளும். அடியில் மணல் போட்டாலொழிய அதை விளக்காக்க நான் சம்மதிப்பதில்லை.

## ஸ்ப்ரே டப்பா, தின்னர் டப்பா

தொடாதீர்கள். காலி என்று தோன்றினாலும் உள்ளே தீப்பற்றும் ஆவி இருக்கும்.

## விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி உறைய வைப்பது

ஆணி அடிக்கும்போது டின் நசுங்காமல் இருக்க, அதில் தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் உறைய வைப்பது நல்ல வழி. ஆனால் தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரியும். விளிம்பு வரை ஊற்றி இரவு முழுக்க விட்டால், காலையில் டின்னின் அடிப்பாகம் வெளியே புடைத்திருக்கும். துளையெல்லாம் அழகாக விழுந்துவிட்டதால், புடைப்பை யாரும் கண்டுகொள்வதில்லை. மேசையில் வைத்தால் விளக்கு லேசாக ஒரு பக்கம் சாயும். சாய்ந்த விளக்கில் உருகிய மெழுகு ஒரு பக்கம் தேங்கும், திரியும் அந்தப் பக்கமே நகரும், கடைசியில் சுடர் சுவரை ஒட்டி எரியும்.

மேலே இரண்டு விரல் அளவு இடம் விட்டு ஊற்றுங்கள். உறைந்ததும் தடித்த துண்டை மடித்து, டின்னை அதன் மேல் படுக்க வைத்து அடியுங்கள். முதலில் மெல்லிய ஆணியால் வழி போட்டுவிட்டு, பிறகு தடித்த ஆணியால் அகலப்படுத்தினால் துளை பிசிறில்லாமல் வரும். அப்படியும் அடி புடைத்துவிட்டால், ஐஸ் உருகிய பிறகு டின்னைக் கவிழ்த்துச் சுத்தியலால் மெல்லத் தட்டிச் சமப்படுத்தலாம். டின்னுக்குள் இறுக்கமாக நுழையும் உருண்டை மரக்கட்டை கிடைத்தால் ஐஸே வேண்டாம்.

## துளைகள் மேலே மட்டும்

கோலம், நட்சத்திரம், இலை என்று வடிவம் வரைபவர்கள் அதை டின்னின் நடுவிலும் மேலேயும்தான் வரைகிறார்கள். சுடருக்குக் காற்று கீழிருந்து வரவேண்டும். சூடான காற்று மேலே போகப் போக, அதன் இடத்துக்குக் குளிர்ந்த காற்று கீழ் வழியாக நுழையும். 1780-களில் ஆர்கன்ட் என்ற கண்டுபிடிப்பாளர் தன் எண்ணெய் விளக்கில் இதைத்தான் செய்தார்: அடியிலிருந்து காற்று வர வழி வைத்து, சுடரைச் சுற்றிக் குழாய் நிறுத்தினார், வெளிச்சம் பல மடங்கு கூடியது. உங்கள் டின்னுக்கும் அதே விதிதான். அடியிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் வரை துளை போடாதீர்கள், இல்லாவிட்டால் உருகிய மெழுகு வெளியே வழியும். அதற்கு மேலே சுற்றிலும் ஒரு வரிசை சிறு துளை போடுங்கள். வடிவம் எதுவானாலும் அது அந்த வரிசைக்கு மேலே.

காற்று போதவில்லையென்றால் சுடர் துடிக்கும், கரி படியும். ஜாடியின் வாய் கறுத்துப்போவதற்கும் காரணம் பெரும்பாலும் இதுதான், அல்லது நீண்டுபோன திரி. ஒவ்வொரு முறை ஏற்றும் முன்பும் திரியை ஆறு மில்லிமீட்டருக்கு நறுக்குங்கள்.

## ஜாடியின் அடியில் மெழுகுவர்த்தியை நேராக ஒட்டுவது

இதைப் பார்க்கும்போது இன்னும் எனக்கு எரிச்சல் வருகிறது. எத்தனை முறை சொன்னாலும் நடக்கிறது, நடந்தால் இழப்பும் பெரியது.

செய்முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். மிச்சமான மெழுகுவர்த்தித் துண்டு ஒன்றை எடுத்து, இரண்டு சொட்டு மெழுகை ஜாடியின் அடியில் விட்டு, அதில் ஒட்ட வைத்துவிடுவார்கள். "கொதிக்கக் கொதிக்க ஜாம் ஊற்றிய ஜாடி, ஒரு மெழுகுவர்த்தியைத் தாங்காதா?" என்று கேட்பார்கள்.

தாங்காது. ஜாம் ஊற்றும்போது ஜாடி முழுவதும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் சூடாகிறது. அப்போதும்கூட ஜாடியை முன்கூட்டியே சூடாக்கிக்கொள்வது வழக்கம். கட்டையாகத் தேய்ந்த மெழுகுவர்த்தி ஒரே ஓர் இடத்தைச் சுடுகிறது. சூடான அந்த இடம் விரியப் பார்க்கும், அதைச் சுற்றியுள்ள குளிர்ந்த கண்ணாடி விரிய விடாது. அந்த இழுவிசையைக் குளிர்ந்த பகுதிதான் வாங்கிக்கொள்கிறது. கண்ணாடி அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுத்தால் உடையும். ஜாடிகள் செய்யும் சாதாரணச் சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி, ஆய்வகங்களில் பயன்படும் போரோசிலிக்கேட் கண்ணாடியைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு விரியக்கூடியது. ஆய்வகக் குடுவையைத் தீயில் வைக்கிறார்களே என்று ஜாடியை நம்ப முடியாது.

ஏற்றியதும் இது தெரியாது. அடியில் இருக்கும் கெட்டி மெழுகே அதுவரை கண்ணாடிக்குக் காப்பு. கடைசிக் கால் மணி நேரத்தில் அந்தக் காப்பு போய்விடுகிறது. மெழுகு முழுக்க நீராகிவிடும். துண்டு மெழுகுவர்த்தியில் திரியை நிறுத்தும் உலோகத் தகடு இருக்காது. பிடிமானம் இழந்த திரி சாய்ந்து, மெழுகில் மிதந்து, சுவரோரம் போய் ஒதுங்கும். இப்போது சுடர் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டே எரிகிறது.

என்னிடம் பழகிய ஒருவர் இப்படித்தான் உயரமான, குறுகிய வாயுள்ள ஜாடி ஒன்றை விளக்காக்கியிருந்தார். வெளியே வெள்ளைப் பெயின்டில் நுணுக்கமான கொடி, பார்க்க மிகவும் அழகு. அதில் மணல் போடுங்கள் என்றேன். மணல் போட்டால் அழகு கெடும் என்றார். பல மாலைகள் அது ஒரு குறையும் இல்லாமல் எரிந்தது. ஒருநாள் ஜாடியின் அடி மட்டும் வட்டமாக, அறுத்தெடுத்ததுபோலக் கழன்றுவிட்டது. உருகிய மெழுகும் எரியும் திரியும் மேசை விரிப்பில் பரவின. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, மர மேசையின் பாதி கருகிப்போனது. மறுநாள் அவர் என்னிடம் கேட்டது: "இத்தனை நாள் ஒண்ணும் ஆகலையே?"

என்னை எரிச்சலூட்டுவது இந்தக் கேள்விதான். நேற்று தாங்கியது என்பதால் இன்றும் தாங்கும் என்று கண்ணாடியில் சொல்ல முடியாது. கரண்டி உரசிய கீறல், கழுவும்போது குழாயில் இடித்த தடம், ஒட்டிய மெழுகைக் கத்தியால் சுரண்டியபோது விழுந்த கோடு, இவையெல்லாம் விரிசல் தொடங்கும் இடங்கள். ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் அந்தக் கீறல் கொஞ்சம் நீளலாம், கண்ணுக்குத் தெரியாது. குளிர்ந்த கல் மேடையின் மேலோ ஈரத்தரையிலோ வைத்தால், உடைவது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

என்ன செய்யவேண்டும்? வாய் அகன்ற ஜாடியை எடுங்கள். ஜாடியில் கீழ்த் துளை கிடையாது, காற்று உள்ளே போவதும் வெளியே வருவதும் ஒரே வாய் வழியாகத்தான். வாயின் அகலத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஆழமான ஜாடியை நான் எடுப்பதில்லை. நகத்தால் உள்பக்கம் தடவிப் பாருங்கள், கீறல் தட்டுப்பட்டால் அது பூச்சாடியாகட்டும். அடியில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உலர்ந்த மணல் போடுங்கள். ஈர மணலாக இருந்தால் கண்ணாடி முழுக்க ஆவி படியும். மணலின் மேல் மெழுகுவர்த்தியை அப்படியே நடாதீர்கள், மெழுகை உறிஞ்சிய மணல் தானே திரிபோல எரியக்கூடும். அலுமினியக் கிண்ணத்தோடு வரும் டீலைட் என்ற குட்டி மெழுகுவர்த்தியை வையுங்கள், அல்லது துண்டு மெழுகுவர்த்தியை ஓர் உலோக மூடிக்குள் நிறுத்தி, மூடியை மணலில் பதியுங்கள். சுடரைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது இரண்டு விரல் இடைவெளி வேண்டும். டீலைட் ஏறத்தாழ நான்கு மணி நேரம் எரிந்து தானே அடங்கும். துண்டு மெழுகுவர்த்தியாக இருந்தால், ஒரு சென்டிமீட்டர் மிச்சம் இருக்கும்போதே அணைத்துவிடுங்கள். அந்த மிச்சத்தைச் சேர்த்து வைத்து உருக்கிக்கொள்ளலாம், வீணாகாது.

எரியும் நூலால் சூடாக்கித் தண்ணீரில் முக்கி வெட்டிய பாட்டில்களுக்கும் இதே எச்சரிக்கை, இரண்டு மடங்காக. அந்த வெட்டே விரிசலால் ஆனது, விளிம்பைத் தேய்த்து வழவழப்பாக்கினாலும் நுண்ணிய விரிசல்கள் உள்ளே போயிருக்கும்.

புதிய விளக்கை யாருக்காவது கொடுக்கும் முன், திறந்த இடத்தில் ஓர் உலோகத் தட்டின் மேல் வைத்து, மெழுகு தானாக அணையும் வரை பக்கத்திலேயே இருந்து பாருங்கள். கடைசியில் வெளிச்சுவர் எவ்வளவு சுடுகிறது என்று புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள்.

## ஜாடிக்குள் உலர்ந்த பூ, பட்டை, காகிதம்

வேண்டாம். எரியும்.

## ஒரே டின்னில் நெருக்கி வைத்த டீலைட்கள்

அகலமான டின் என்றால் ஐந்தாறு டீலைட்டை ஒட்டி ஒட்டி அடுக்கிவிடுகிறார்கள். ஒன்றின் சூடு மற்றொன்றின் மெழுகையும் சூடேற்றிவிடும். பாரஃபின் மெழுகு 200 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், திரி மட்டும் எரியும் நிலை மாறி மெழுகின் பரப்பு முழுவதுமே பற்றிக்கொள்ளலாம். மெழுகில் விழுந்து கிடக்கும் தீக்குச்சி இரண்டாவது திரியாகி இதையே செய்யும். அப்படிப் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் சூடான மெழுகுக்குள் இறங்கி ஒரே நொடியில் ஆவியாகும். ஆவியானால் அதன் பருமன் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கும் மேல், எரியும் மெழுகைச் சுற்றிலும் வாரி அடிக்கும். ஓர் உலோக மூடியோ தட்டோ பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வாயை மூடினால் தீ அடங்கும், ஆறும் வரை மூடியைத் திறக்காதீர்கள்.

## கைப்பிடி

ஜாடியின் வாயைச் சுற்றிச் சணல் கயிறு கட்டுவது படத்தில் அழகு. சூடெல்லாம் அங்கேதான் வந்து சேருகிறது. கழுத்தில் கட்டுக்கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி, குறடால் முறுக்கி, கைப்பிடி வளைவையும் கம்பியிலேயே போடுங்கள். பிடிக்கும் இடம் வாய்க்கு மேலே ஒரு சாண் உயரத்திலாவது இருக்கட்டும். சணல்தான் வேண்டுமென்றால் ஜாடியின் அடிப்பகுதியில், வெளியே.

## பெயின்ட்

வெளிப்பக்கம் மட்டும். உள்ளே அடித்த பெயின்ட் சூட்டில் புகையும், உரியும், மெழுகில் விழும். வெளியே அடித்ததும் தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக அன்று மாலையே ஏற்றாதீர்கள். டப்பாவில் எழுதியிருக்கும், முழுவதும் காய்வதற்கான நேரம் கழியட்டும். உணவு வந்த டின்களின் உட்புறத்திலும் பெரும்பாலும் மெல்லிய பூச்சு உண்டு, முதல் முறை ஏற்றும்போது அது நாறலாம். அந்த முதல் ஏற்றல் வெளியே திறந்தவெளியில் நடக்கட்டும், வாசனை முழுக்க அடங்கிய பிறகு விளக்கை உள்ளே கொண்டுவாருங்கள்.