தவணையைக் கேளுங்கள், மாதத்தால் பெருக்குங்கள்

தொழில் கடனுக்குப் போனால் வட்டி எத்தனை சதவீதம் என்று கேட்டதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். மாதத் தவணை எத்தனை ரூபாய், எத்தனை மாதம் என்று கேட்டு, அங்கேயே பெருக்கிப் பாருங்கள். அதிலிருந்து பிடித்தமெல்லாம் போகக் கைக்கு வரும் பணத்தைக் கழித்தால், கடனுக்கு நீங்கள் கொடுக்கும் உண்மையான விலை வந்துவிடும்.

மாவு மில்லுக்கு 50,000 ரூபாய், 12 சதவீதம், ஒரு வருடம் என்று வையுங்கள். கடைசி வரை முழு அசலுக்கும் வட்டி போட்டால் தவணை சுமார் 4,667, வட்டி 6,000. கட்டக் கட்டக் குறையும் அசலுக்குப் போட்டால் தவணை சுமார் 4,442, வட்டி ஏறக்குறைய 3,309தான். சொல்லும் சதவீதம் ஒன்றே, வட்டியாகப் போகும் பணம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு!

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் அயல்கூட்டம் (குடும்பஸ்ரீ மகளிர் குழு), கூட்டுறவு சங்கம், மைக்ரோ ஃபைனான்ஸ் என்று எங்கே விசாரித்தாலும் இதைச் செய்யுங்கள். தாள் மலையாளத்தில் இருந்தால் கூச்சப்படாமல் தமிழில் கேளுங்கள். ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கு வங்கியோ நிதி நிறுவனமோ ஈடில்லாமல் தரும் கடனில், ஒப்பந்தமும், கடன் விவரம் எழுதித் தரும் கடன் அட்டையும் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பது 2022 முதல் ரிசர்வ் வங்கி விதி.

அசலைக் கடைசியில் மொத்தமாகத் திருப்பும் நகைக்கடனுக்கு இந்த வித்தியாசம் வராது; அங்கே நடுவில் அசல் குறைவதில்லை. சீட்டுப் பணத்துக்கும் கணக்கு வேறு, எந்த மாதம் எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.