கொம்பு தனியே பறந்த வீடியோ: மோஷன் கிராபிக்ஸ் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) இரண்டாம் ஆண்டில் எங்களுக்கு ஒரு ப்ராஜெக்ட் வந்தது. பொதுமக்களுக்குப் பயன்படும் ஒரு செய்தியை 40 விநாடி மோஷன் கிராபிக்ஸாக, அதாவது எழுத்தும் படமும் அசையும் வீடியோவாகச் செய்ய வேண்டும். நான் டெங்குவை எடுத்துக்கொண்டேன். நெல்லைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில், நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் ஒரு டிவி உண்டு. அதில் போட்டுக் காட்ட அனுமதியும் வாங்கிவிட்டேன்.

மூன்று வாரம் சரியாகத் தூங்காமல் செய்த வேலை அது. கல்லூரி லேபில் ஓடவிட்டபோது வகுப்பே கைதட்டியது. சுகாதார நிலையத்தில் ஓடியபோது எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள், ஆனால் என்ன சொல்கிறது என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை. டோக்கன் நம்பர் கூப்பிடுவது காதில் விழ வேண்டும் என்பதால் அங்கே டிவியின் சத்தத்தை எப்போதும் அணைத்தே வைப்பார்கள். நான் சொல்ல வந்தது முழுவதும் பின்னணிக் குரலில் இருந்தது. திரையில் வந்த சில சொற்களும் படித்து முடிப்பதற்குள் மறைந்தன. "என்ன விளம்பரம் தாயி இது?" என்று ஒரு பாட்டி என்னிடமே கேட்டார்.

அந்த ஒரே வீடியோவில் நான் செய்த தவறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன். இப்போது ஜூனியர்கள் வேலையைக் காட்ட வரும்போதும் பெரும்பாலும் இவையேதான் கண்ணில் படுகின்றன.

மென்பொருளைத் திறந்துவிட்டு யோசிப்பது

ப்ராஜெக்ட் கையில் கிடைத்த அன்று இரவே ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அனிமேஷன் மென்பொருளைத் திறந்து, ஒரு டுடோரியலில் பார்த்த நீர்த்துளியைச் செய்யத் தொடங்கினேன். அழகாக வந்தது. அதை விட மனசில்லாமல், துளிக்கு ஏற்றபடி கதையை வளைத்தேன். 40 விநாடியில் 11 விநாடியை அந்தத் துளி தின்றுவிட்டது.

டெங்குவைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியது என்ன? சாக்கடையைச் சுத்தம் செய்தால் கொசு ஒழிந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் வீட்டைச் சுற்றித் தேங்கும் நல்ல தண்ணீரில் முட்டையிடும், பகலில் கடிக்கும். முட்டை கொசுவாக மாற ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதனால்தான் வாரம் ஒருமுறை தொட்டியைக் காலி செய்து தேய்த்துக் கழுவச் சொல்கிறார்கள். என் வீடியோவில் இது 29-வது விநாடியில், குரலில் மட்டும் வந்தது.

இப்போது எந்த வேலை வந்தாலும் முதலில் ஒரு தாளில் ஒரே ஒரு வாக்கியம் எழுதுகிறேன்: பார்த்தவர் எழுந்து போகும்போது பக்கத்தில் இருப்பவரிடம் எதைச் சொல்லிக்கொண்டு போக வேண்டும்? அப்புறம் ஆறு கட்டம் போட்டு, குச்சி மனிதர்களை வரைந்து, டிசைன் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம் காட்டுவேன். நான் வாய் திறக்காமலே அவருக்குக் கதை புரிந்தால் கணினி பக்கம் போவேன். அந்தக் கட்டங்களைப் போனில் படமெடுத்து, ஒவ்வொன்றுக்கும் இத்தனை விநாடி என்று வரிசையாக ஓடவிட்டால் அனிமேட்டிக் தயார். அரை நாள் வேலைதான். என் 11 விநாடித் துளி அதிலேயே மாட்டியிருக்கும்.

வீடியோ ஓடப்போகும் இடத்தில் முன்கூட்டியே போய்ப் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். எவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பார்கள், வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது, சத்தம் இருக்குமா என்பதெல்லாம் அங்கே போனால்தான் தெரியும். போனில் பார்க்கிறவர்களிலும் நிறையப் பேர் சத்தமில்லாமல்தான் பார்க்கிறார்கள். அதனால் வேலை முடிந்ததும் ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை ஓடவிட வேண்டும்.

நல்ல கணினி இல்லை, பிளக்-இன் இல்லை என்று தயங்கி நிற்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் வந்தது 1993-ல். அதற்கு 33 ஆண்டுகள் முன்பே, 1960-ல், ஜான் விட்னி என்ற அமெரிக்கர் 'மோஷன் கிராபிக்ஸ்' என்ற பெயரிலேயே நிறுவனம் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரில் விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்குக் குறிபார்த்துக் கொடுத்த கணிப்புக் கருவியை மாற்றியமைத்துத்தான் அவர் தன் அனிமேஷன் இயந்திரத்தைக் கட்டினார்.

எல்லாம் ஒரே வேகத்தில் நகர்வது

ஊஞ்சலைக் கவனித்துப் பாருங்கள். இரண்டு முனையிலும் தயங்கி நிற்கும், நடுவில் வேகமெடுக்கும். பேருந்தும் அப்படித்தான், எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் போவதில்லை. இரண்டு கீஃப்ரேம் (பொருள் எந்த நேரத்தில் எங்கே இருக்க வேண்டும் என்ற குறி) வைத்துவிட்டு அப்படியே விட்டால் பொருள் முதலிலிருந்து கடைசிவரை ஒரே வேகத்தில் நகரும். அதில் எடை இருக்காது. என் கொசு தபால்தலை நகர்வதுபோல் திரையில் நகர்ந்தது.

இதற்கு எஃப்9 அழுத்தினால் போதும் என்று எல்லா டுடோரியலும் சொல்லும். அடுத்த தவறு அங்கேதான் ஆரம்பிக்கிறது. எஃப்9 எல்லாக் கீஃப்ரேமுக்கும் ஒரே அளவு மென்மையைக் கொடுக்கும், சுமார் 33 சதவீதம். எல்லாவற்றுக்கும் அதையே போட்டால் கொசுவும் தண்ணீர்த் தொட்டியும் ஒரே மாதிரி அசையும். வேகத்தை வளைகோடாகக் காட்டும் கிராஃப் எடிட்டரைத் திறக்கப் பயப்படாதீர்கள். உள்ளே வரும் பொருள் விரைந்து வந்து மெல்ல நிற்க வேண்டும். வெளியே போவது மெல்லக் கிளம்பி விரைந்து மறைய வேண்டும். கனமானது கிளம்பவே நேரம் எடுக்கும். இந்த மூன்றை மட்டும் கையால் வளைத்துப் பழகினாலே வேலையின் முகம் மாறிவிடும்.

பெயர்க் குழப்பம் ஒன்றும் உண்டு. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் 'ஈஸ் இன்' என்றால் கீஃப்ரேமை நோக்கி வரும்போது வேகம் குறைவது. இணையதளம் செய்பவர்கள் 'ஈஸ் இன்' என்று சொன்னால் மெல்லத் தொடங்கி வேகமெடுப்பது. இரண்டும் நேரெதிர். வெப் டீமோடு சேர்ந்து வேலை செய்யும்போது பெயரைச் சொல்லாமல் வளைகோட்டைக் காட்டிப் பேசுவது நல்லது.

ஆங்கில எழுத்துக்குச் செய்ததைத் தமிழுக்கும் செய்வது

என் மனதை அதிகம் உறுத்துவது இதுதான். என் வீடியோவின் தலைப்பு 'கொசு'. ஆங்கில டுடோரியலில் பார்த்தபடி, ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு திசையிலிருந்து பறந்து வருவதுபோல் அமைத்தேன். கொம்பு (ெ) இடமிருந்து வந்தது, 'க' மேலிருந்து விழுந்தது, கால் வலப்பக்கத்திலிருந்து வந்தது, கடைசியில் 'சு'. ஒன்றாம் வகுப்புக் குழந்தையிடம் 'கொசு'வில் எத்தனை எழுத்து என்று கேட்டால் இரண்டு என்று சொல்லும். மென்பொருள் அதை நான்கு துண்டாக எண்ணியது. தமிழ் படிக்கிறவரின் கண் 'கொ' என்பதை ஒரே உருவமாகத்தான் பிடிக்கும். அதை உடைத்துப் பறக்கவிட்டால், கூடிச் சேரும்வரை அது வெறும் கோடு.

எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் 'க' முதலில் பதிவாகி, உயிர்க்குறி பின்னால் வரும். திரையில் காட்டும்போதுதான் கொம்பு இடப்பக்கம் போகும். இந்த இடமாற்றத்தைச் செய்யத் தெரியாத மென்பொருளில் கொம்பு தவறான இடத்தில், ஒரு புள்ளி வட்டத்தோடு நிற்கும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் அப்படி வந்தால், தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே தட்டச்சு செய்வதால் எந்த மென்பொருளிலும் உடையாது. பல எடிட்டிங் அறைகள் இன்றும் அவற்றை விடாததற்கு இது ஒரு காரணம். ஆனால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால், தமிழ் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கும்.

நான் இப்போது செய்யும் வழி மெதுவானது, ஆனால் ஏமாற்றாது. சொல்லை யூனிகோடில் சரியாக அமைத்து, வடிவமாக மாற்றி, 'கொ'வின் மூன்று துண்டுகளையும் ஒரே குழுவாகக் கட்டி, எழுத்து எழுத்தாக அனிமேட் செய்கிறேன். நீளமான வாக்கியம் என்றால் எழுத்தைத் தொடாமல் சொல் சொல்லாக நகர்த்துகிறேன்.

எழுத்து இடைவெளியும் இதே மாதிரிதான். ஆங்கிலத் தலைப்புகளை அகலமாகப் பரப்பி வைத்தால் கம்பீரமாக இருக்கும். 'தொட்டி'யை அப்படிப் பரப்பினேன். கொம்பு 'த'வை விட்டு விலகிப்போய்த் தனியாக நின்றது. தமிழில் கேபிடல் எழுத்தும் கிடையாது என்பதால், எது தலைப்பு எது விவரம் என்பதை அளவு, தடிமன், நிறம் இவற்றால்தான் காட்ட முடியும். வரி இடைவெளியையும் ஆங்கிலக் கணக்கில் வைக்கக் கூடாது. 'கீ'யின் சுழி மேலே ஏறும், 'கு'வின் வால் கீழே இறங்கும், இரண்டு வரிக்கு நடுவில் அவை முட்டிக்கொள்ளும்.

இதை எனக்குப் புரியவைத்தவர் எங்கள் தெருவில் சுவர் விளம்பரம் எழுதும் பெரியவர். அவர் முதலில் நூல் அடித்துக் கோடு போடுவார். மேலே சுழிக்கும் கீழே வாலுக்கும் இடம் விடுவார். பிறகு சொல்லைச் சுண்ணக்கட்டியால் மெல்ல எழுதிப் பார்ப்பார். "எழுத்த எண்ணிட்டுத்தாம்மா சுவத்துல கை வைக்கணும்" என்றார். சுண்ணக்கட்டி வேலையைத்தான் நாங்கள் வகுப்பில் லே-அவுட் என்று படித்தோம்.

எழுத்துரு கிடைக்கவில்லை என்ற சாக்கு இனி செல்லாது. முக்தா மலர், ஹிந்த் மதுரை, கட்டமரன், பலூ தம்பி, நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாம் இலவசமாகவும் திறந்த உரிமத்துடனும் கிடைக்கின்றன. ஆனால் அழகாக இருக்கிறது என்று மட்டும் பார்த்து எடுக்காதீர்கள். 1960-களின் தெருவைக் காட்டும் அனிமேஷன் ஒன்றில் ஒரு ஜூனியர், கடைப் பலகையில் 'லை'யை இன்றைய வடிவில் எழுதியிருந்தான். தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக்கியது 1978-ல். அதற்கு முன் பெரியாரின் ஏடுகள் போன்ற சிலவற்றைத் தவிர மற்ற இடங்களில் 'லை', 'னை' எல்லாம் யானைத் தும்பிக்கையோடுதான் இருந்தன. 1960-களின் பலகையில் அந்தத் தும்பிக்கை வேண்டும்.

படிக்க நேரம் கொடுக்காமல் இருப்பது

எழுதியவருக்கு வாக்கியம் மனப்பாடம். அதனால் ஒரு விநாடி போதும் என்று தோன்றும். நான் வைத்த கார்டுகள் (திரையில் வரும் வாக்கியங்கள்) சராசரியாக ஒன்றரை விநாடி நின்றன. தமிழில் ஒரே சொல் எவ்வளவு நீளும் என்பதை யோசிக்கவே இல்லை. 'கழுவிவிடுங்கள்' என்பது ஒரு சொல். இப்போது கார்டை நிதானமாக இரண்டுமுறை வாய்விட்டுப் படித்து, அவ்வளவு நேரம் நிற்கவைக்கிறேன். படிக்கும் நேரத்தில் பின்னணியில் வேறெதுவும் ஓடக் கூடாது. எழுத்தைப் படித்து முடித்த பிறகு படம் அசையலாம், படம் அசைந்தால் எழுத்து காத்திருக்கட்டும்.

அவசரத்தைக் காட்ட 'எச்சரிக்கை' என்ற சொல்லைச் சிவப்பில் படபடவென்று மின்னவிட்டிருந்தேன். எங்கள் ஆசிரியர் அதை மட்டும் உடனே நீக்கச் சொன்னார். 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு கார்ட்டூன் தொடரில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறி மின்னிய காட்சியைப் பார்த்து 600-க்கும் மேற்பட்ட குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஒரு விநாடியில் மூன்று முறைக்கு மேல் மின்னக் கூடாது என்பது இணைய உள்ளடக்கத்துக்கான விதிகளில் இருக்கிறது. வலிப்பு உள்ளவரும் உட்கார்ந்திருக்கக்கூடிய கூடத்துக்கு நான் அதைக் கொண்டுபோக இருந்தேன் என்பது இன்றும் பதற வைக்கிறது.

கடைசி இரவில் வரும் சிக்கல்கள்

இவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேலை தொடங்கும் முன்பே ஃப்ரேம் ரேட்டை (ஒரு விநாடிக்கு எத்தனை படம் என்பதை) முடிவு செய்யுங்கள். நம் நாட்டு டிவி முறைக்கு 25, சினிமாவுக்கு 24, போன் கேமரா பெரும்பாலும் 30. போனில் 30-ல் எடுத்ததை 25-ல் போட்டால் ஆறில் ஒரு ஃப்ரேம் உதிர்ந்து அசைவு திக்கும். லேயர்களுக்குப் பெயர் வையுங்கள். வழக்கமான எம்பி4 கோப்பில் பின்னணி வெறுமையாக நிற்காது, கறுப்பாகிவிடும். வேறு வீடியோ மேல் வைக்க வேண்டியதை ஆல்ஃபாவை (வெறுமையான பின்னணியை)த் தாங்கும் வடிவத்தில் ரெண்டர் செய்ய வேண்டும். லேபுக்கு எடுத்துப் போகும்போது கோப்புகளைச் சேகரிக்கும் கட்டளையைக் கொடுத்து, எழுத்துருவைத் தனியாக ஒரு ஃபோல்டரில் போட்டுக்கொள்ளுங்கள். ரீல்ஸுக்குச் செய்தால் கீழ்ப்பகுதியில் முக்கியமான எழுத்தை வைக்காதீர்கள், கணக்குப் பெயரும் பட்டன்களும் அதை மூடிவிடும்.

அந்த டெங்கு வீடியோவை மறுபடி செய்தேன். நீர்த்துளியை எடுத்துவிட்டேன், குரலையும் எடுத்துவிட்டேன். மூன்று வாக்கியம், மூன்று படம் மட்டும்: மாடித் தொட்டி, பழைய டயர், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சேரும் தட்டு. 'கொசு' ஒரே சொல்லாக மெல்ல வந்து நின்றது. மறுபடி அதே கூடத்தில், சத்தமில்லாமல் ஓடியது. மடியில் குழந்தையோடு இருந்த ஓர் அக்கா இரண்டாவது சுற்றில் பக்கத்தில் இருந்த நர்ஸிடம் திரும்பி, "எங்க வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடியும் இப்படித் தட்டு இருக்குமாக்கா?" என்று கேட்டார்.