மகளுக்குத் தலைபின்னும் அப்பாவுக்கு

பெண் குழந்தையின் அப்பாவுக்கு வரும் கவலைகளில் பாதி, கை பழகாததால் வருபவை. தலை பின்னத் தெரியாது, கழுவிவிடக் கூச்சம், உடம்பைப் பற்றி என்ன சொல்வதென்று தயக்கம். அதனால் அந்த வேலைகள் எல்லாம் வீட்டுப் பெண்கள் பக்கம் நகர்ந்துவிடும். ஆனால் சின்னப் பெண்கள் மனம் திறப்பது அந்த வேலைகளின் நடுவில்தான். முதுகைக் காட்டி உட்கார்ந்து, தலையை உங்கள் கையில் கொடுத்துவிட்டு, முகம் பார்க்காமல் பேசுவது அவர்களுக்குச் சுலபம். பிறந்ததிலிருந்து எட்டு வயது வரைக்கும் ஓர் அப்பா தன் கையாலேயே செய்ய வேண்டியவற்றையும், அவற்றில் எங்கே பிசகும் என்பதையும் இங்கே சொல்கிறோம்.

சிக்கெடுத்துப் பின்னுவது

சீப்பை உச்சியில் வைத்து ஒரே இழுப்பாகக் கீழே இழுப்பதுதான் எல்லா அப்பாக்களும் செய்யும் முதல் தப்பு. அப்படி இழுத்தால் மேலே இருக்கும் சிறுசிறு சிக்குகள் எல்லாம் கீழே போய் ஒரே முடிச்சாக இறுகும். நுனியிலிருந்து தொடங்குங்கள். கடைசி நான்கு விரல் நீளம் சீராக வந்த பிறகு, இன்னும் நான்கு விரல் மேலே போங்கள். சிக்கு இருக்கும் இடத்துக்குச் சற்று மேலே முடியை இடது கைக்குள் இறுகப் பிடித்துக்கொண்டு, அதற்குக் கீழே சீப்பை ஓட்டுங்கள். இழுப்பு உங்கள் பிடியோடு நின்றுவிடும், மண்டைத் தோலுக்குப் போகாது. “அப்பா, வலிக்குது” என்று குரல் வந்தால் பெரும்பாலும் அந்தப் பிடி தளர்ந்திருக்கும்.

ஈரமுடி ரப்பர் போல நீளும், சட்டென்று அறும். நேரான முடி என்றால் முக்கால் பங்கு உலர்ந்த பிறகு வாருங்கள். சுருட்டை முடிக்கு இது நேர் எதிர். உலர்ந்த நிலையில் சீப்பைப் போட்டால் உடையும். கண்டிஷனர் தடவி, ஈரத்தோடு, அகலப் பல் சீப்பால் வார வேண்டும்.

இரட்டைச் சடைக்கு, சீப்பின் முனையை நெற்றி நடுவில் வைத்து, மூக்குக்கு நேராக உச்சி வழியே பிடரி வரை ஒரே கோடாக வகிடு எடுங்கள். ஒரு பாதியை ரப்பர் பேண்டு போட்டு ஒதுக்கிவிடுங்கள். இல்லையென்றால் பின்னிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கத்து முடி இந்தப் பக்கம் வந்து சேரும். மற்ற பாதியை மூன்று சமக் கால்களாக, அதாவது பிரிகளாகப் பிரித்து, வலது காலை நடுவின் மேலே போடுங்கள், பிறகு இடது காலை நடுவின் மேலே. அவ்வளவுதான், இதையே மாற்றி மாற்றிக் கீழே வரை. நுனியில் மூன்று நான்கு சென்டிமீட்டர் விட்டு முடிச்சுப் போடுங்கள்.

முதல் மூன்று பின்னல்கள்தான் சடையைத் தீர்மானிக்கின்றன. கையைத் தலையை ஒட்டியே வைத்து அவற்றைப் போட வேண்டும். கை தள்ளி இருந்தால் சடை மேலே தொளதொளவென்று தொங்கி ஒரு மணி நேரத்தில் அவிழும். ஒரு கால் மெலிந்து போனால் சடை முறுக்கிக்கொள்ளும். சடை கோணலாக வந்தால் நீங்கள் பக்கவாட்டில் நின்றிருப்பீர்கள். அவளை உங்கள் முழங்கால்களுக்கு நடுவே, உங்களைவிடத் தாழ்வாக உட்கார வையுங்கள். வழுக்கும் முடி என்றால் விரல்களை லேசாக நனைத்துக்கொண்டால் பிடிக்கும்.

இறுக்கம் அதிகமானால் நெற்றித் தோல் மேலே இழுபடும், முடி தொடங்கும் ஓரத்தில் சின்னச் சின்னப் பொரிகள் தெரியும். உடனே அவிழ்த்துத் தளர்வாகப் பின்னுங்கள். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இப்படியே போனால் அந்த ஓரத்து முடி மெலிந்து உதிரும். வகிட்டையும் அவ்வப்போது இடம் மாற்றுங்கள். துணி சுற்றாத மெல்லிய ரப்பர் பேண்டு முடியை அறுக்கும். மாட்டிக்கொண்டால் இழுக்காமல், ரப்பரைக் கத்தரித்து எடுங்கள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மணி கோத்த பேண்டு, சிறு கிளிப் எதுவும் வேண்டாம். கழன்றால் நேராக வாய்க்குத்தான் போகும்.

கைக்குழந்தை காரணம் தெரியாமல் வீறிட்டு அழுதால் சாக்ஸைக் கழற்றிக் கால்விரல்களைப் பாருங்கள். பெரியவர்களின் உதிர்ந்த முடி ஒன்று விரலைச் சுற்றி இறுகி, விரல் சிவந்து வீங்கியிருக்கலாம். சதைக்குள் புதைந்திருந்தால் வீட்டில் நோண்டாமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். ரத்த ஓட்டம் நின்றால் விரலுக்கே ஆபத்து.

பேன்

பள்ளிக்குப் போகத் தொடங்கினால் பேன் வரும். அது அழுக்கின் அடையாளமே இல்லை. சுத்தமான தலையிலும் அதே வேகத்தில் பெருகும். பேன் குதிக்காது, பறக்காது; தலையோடு தலை ஒட்டும்போது நடந்து போகிறது. முதல் முறை பேன் ஏறும் தலையில் அரிப்பு தெரியவே நான்கு முதல் ஆறு வாரம்கூட ஆகலாம். ஆகவே அரிப்புக்குக் காத்திருக்காமல் வாரம் ஒரு முறை காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் விலக்கிப் பாருங்கள்.

மருந்தில்லாத முறை இது: தலையை அலசி, கண்டிஷனரைத் தாராளமாகத் தடவி, பற்களுக்கிடையே 0.3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இல்லாத பேன்சீப்பால் வேரிலிருந்து நுனிவரை, சிறு சிறு பகுதியாக வாருங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். 1, 5, 9, 13 ஆகிய நாட்களில் இதைச் செய்து, 17-ஆம் நாள் எதுவும் இல்லையா என்று பார்க்க வேண்டும். ஒரு முறை வாரிவிட்டு நிறுத்துவதுதான் பேன் திரும்பி வரக் காரணம். ஈர் பொரிய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். இன்று தப்பிய ஈர் அடுத்த வாரப் பேன். 1 சதவீதப் பெர்மெத்ரின் என்ற பேன் மருந்தைப் போட்டாலும் இதே காரணத்தால்தான் ஏழு முதல் பத்து நாளில் மறுபடி போடச் சொல்கிறார்கள். மண்ணெண்ணெய், பூச்சிமருந்து இவற்றைத் தலையில் வைக்கவே கூடாது. வேரிலிருந்து வெகுதூரம் தள்ளி ஒட்டியிருக்கும் வெள்ளை ஈர் பெரும்பாலும் காலிக்கூடு. அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

வீட்டில் மற்றவர்கள் தலையையும் அதே நாளில் பாருங்கள், உங்கள் தலை உட்பட.

கழுவிவிடுவது

முன்னாலிருந்து பின்னால். டயப்பர் மாற்றினாலும், கழுவிவிட்டாலும், துடைத்தாலும் கை அந்தத் திசையில் மட்டுமே போக வேண்டும். பெண் குழந்தைக்குச் சிறுநீர்த் துவாரமும் ஆசனவாயும் அருகருகே இருக்கின்றன, சிறுநீர்க் குழாயும் குட்டை. பின்னாலிருந்து முன்னால் துடைத்தால் கிருமி நேராக அங்கே போகும். பிறப்புறுப்புக்கு வெறும் வெதுவெதுப்பான நீர் போதும். உள்ளே சோப்பு, நுரைக்குளியல், வாசனைத் துடைப்பான் எதுவும் வேண்டாம். அந்த வயதில் அங்கே தோல் மிக மெல்லியது. சிவப்பும் எரிச்சலும் பெரும்பாலும் சோப்பால்தான். பிறந்த முதல் சில வாரங்களில் வெள்ளைக் கசிவோ, டயப்பரில் துளி ரத்தமோ தெரிந்தால், அது தாயின் ஹார்மோன் குறைவதால் வருவது, தானாக நிற்கும். அதற்குப் பிந்தைய வயதில் ரத்தமோ, துர்நாற்றக் கசிவோ வந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

தானே டாய்லெட்டில் உட்காரத் தொடங்கியதும் கவனிக்க வேண்டியது அவள் கால்கள். கால்கள் அந்தரத்தில் தொங்கினால் முழங்கால்கள் ஒட்டிக்கொள்ளும். அப்போது கொஞ்சம் சிறுநீர் பெண்ணுறுப்புக்குள் திரும்பித் தேங்கி, எழுந்து நடந்த பிறகு ஜட்டியில் சொட்டும். நாள் முழுக்க ஈரம், அதனால் அரிப்பு. காலுக்கு ஒரு முக்காலி போடுங்கள், முழங்கால்களை விரித்து, சற்று முன்னால் சாய்ந்து, அவசரமில்லாமல் இருக்கச் சொல்லுங்கள். “முடிஞ்சுதா கண்ணு? ஒரு மூணு எண்ணிட்டு இன்னும் வருதான்னு பாரு” என்பது போதும்.

விளையாட்டு மும்முரத்தில் அடக்கி வைக்கும் குழந்தை, குதிகாலின் மேல் குந்தி உட்காரும், காலைப் பின்னிக்கொண்டு ஆடும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை நீங்களே கூப்பிடுங்கள். மலச்சிக்கலையும் சேர்த்தே சரி செய்ய வேண்டும். நிறைந்த மலக்குடல் சிறுநீர்ப்பையை அழுத்தும், சிறுநீர் முழுதாக வெளியேறாது. சிறுநீர் கழிக்கும்போது அழுகை, அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போவது, அடங்கியிருந்த படுக்கை ஈரம் திரும்புவது, வேறு காரணம் தெரியாத காய்ச்சல், இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் சிறுநீர்ப் பரிசோதனை தேவை. ராத்திரியில் மட்டும் பின்பக்கம் அரித்தால் கீரிப்பூச்சியாக இருக்கலாம். மருந்து வீட்டில் எல்லோருக்கும் வேண்டும், இரண்டு வாரம் கழித்து இரண்டாம் தடவையும்.

வெளியே போகும்போது அப்பாவோடு மகள் மட்டும் என்றால் பொதுக் கழிப்பறை பெரிய தலைவலி. குடும்ப அறை இருந்தால் அதுதான் முதல் தேர்வு. இல்லாவிட்டால் சிறுமியை ஆண்கள் பக்கம் அழைத்துப்போய், நேரே கதவுள்ள அறைக்குள் நுழைந்து தாழிடுங்கள். மற்றவர்கள் பார்வை ஒரு நிமிட விஷயம். ஆறேழு வயதில் அவளே வேண்டாம் என்பாள். அப்போது பெண்கள் கழிப்பறை வாசலில் நின்று, குரல் கொடுத்துக்கொண்டே இருங்கள்.

தூக்குவதும் ஆட்டுவதும்

அப்பா வீட்டுக்குள் நுழைந்ததும் ஓடி வந்து கையைத் தூக்கும் அந்தக் கணம் இருக்கிறதே, அதற்கு ஈடில்லை. ஆனால் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கக் கூடாது, கையைப் பிடித்துச் சுற்றவும் கூடாது. ஒன்று முதல் நான்கு வயது வரை முழங்கையில் ஆரை எலும்பின் (முன்கை எலும்புகளில் ஒன்று) தலை அதைச் சுற்றிய தசைநார் வளையத்திலிருந்து சுலபமாக நழுவும். வீக்கம் இருக்காது. குழந்தை கையை லேசாக மடக்கி உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு அசைக்கவே மாட்டாள். மருத்துவர் ஒரு நிமிடத்தில் சரி செய்துவிடுவார், நீங்கள் இழுத்துப் பார்க்க வேண்டாம். எப்போதும் அக்குளுக்குக் கீழே பிடித்துத் தூக்குங்கள்.

கிச்சுகிச்சு மூட்டும்போது ஒரே விதி: “போதும்” என்றால் அந்த நொடியே கை எடுபட வேண்டும், அவள் சிரித்துக்கொண்டே சொன்னாலும். “போதும்னு சொன்னியே, அப்பா நிறுத்திட்டேன்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மறுபடி வேண்டும் என்று அவளே கேட்பாள். தன் உடம்பில் தன் சொல்லுக்கு மதிப்பு உண்டு என்பதை நூறு அறிவுரையைவிட இது அழுத்தமாகப் பதிக்கும். அதே காரணத்துக்காகத்தான், வீட்டுக்கு வரும் மாமாவுக்கோ தாத்தாவுக்கோ முத்தம் கொடு என்று அவளைத் தள்ளக் கூடாது. வணக்கம் சொன்னால் மரியாதை முடிந்தது.

உடம்பைப் பற்றிப் பேசுவது

கண், காது என்று சொல்லிக்கொடுக்கும்போதே பிறப்புறுப்புக்கும் ஒரு தெளிவான பெயர் சொல்லிக்கொடுங்கள். வீட்டுக்குள் மட்டும் புழங்கும் செல்லப்பெயர் மட்டும் தெரிந்தால், அவள் ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ சொல்ல வரும்போது அவர்களுக்குப் புரியாது. மூன்று வயதிலிருந்து சொல்ல வேண்டிய வாக்கியங்கள் சிலதான்: ஜட்டி மறைக்கும் இடத்தை யாரும் தொடவோ, பார்க்கவோ, போட்டோ எடுக்கவோ கூடாது. யாருடைய அந்த இடத்தையும் தொடச் சொல்லக் கூடாது. கழுவிவிடும்போதும், அப்பாவோ அம்மாவோ பக்கத்தில் இருக்க மருத்துவர் பார்க்கும்போதும் மட்டும் விலக்கு. அப்பா அம்மாவிடம் சொல்லாதே என்று யார் சொன்னாலும், அதை முதலில் சொல்ல வேண்டியது அப்பா அம்மாவிடம். பிறந்தநாள் பரிசை மறைப்பது வேறு, அது கொஞ்ச நாளில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். இந்த வித்தியாசத்தைக் குளிக்கும்போது சாதாரணக் குரலில் மாதம் ஒரு முறை சொன்னால் போதும். உட்கார வைத்து முகத்தை இறுக்கிக்கொண்டு சொன்னால் குழந்தைக்குப் பயம் மட்டும்தான் மிஞ்சும்.

ஏதோ நடந்ததாக அவள் சொன்னால், அப்பாவின் முகம்தான் அடுத்த வார்த்தையை வரவழைக்கும், அல்லது அடைக்கும். கத்தாதீர்கள், எழுந்து ஓடாதீர்கள். “அப்பாகிட்ட சொன்னது ரொம்ப நல்லது. உன் மேல தப்பே இல்ல” என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். “அப்புறம் என்னாச்சு?” மட்டும் கேட்கலாம்; “அவன் இங்கே தொட்டானா?” என்று நீங்களே பதிலை எடுத்துக்கொடுக்க வேண்டாம். திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கவும் வேண்டாம். அவள் சொன்ன அதே வார்த்தைகளை அன்றே தேதியோடு எழுதி வையுங்கள். சம்பந்தப்பட்ட ஆளிடம் நீங்களே போய்ச் சண்டை போடாமல், குழந்தைகள் பாதுகாப்பு அமைப்பையோ காவல்துறையையோ அணுகுங்கள். அண்மையில் நடந்தது என்றால் குளிப்பாட்டாமல், உடையைத் துவைக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

எட்டு வயது முடியும் முன்பே மார்பு வளரத் தொடங்கினால் மருத்துவரிடம் காட்டுங்கள். எட்டுக்கும் பதிமூன்றுக்கும் இடையில் தொடங்குவது இயல்பு. மாதவிடாய் பெரும்பாலும் அதற்கு இரண்டு இரண்டரை வருடம் கழித்து வரும். வருவதற்கு முன்பே அது என்னவென்று அப்பா வாயாலும் அவள் கேட்டிருக்க வேண்டும். நாப்கின் எங்கே இருக்கிறது, எப்படி ஒட்டுவது, எதில் சுற்றிப் போடுவது என்பது வரை.

படுக்கப் போகும் முன்

காலையில் போட்ட சடையோடு தூங்க விடாதீர்கள். அவிழ்த்து, விரலாலேயே மண்டைத் தோலை ஒரு நிமிடம் தேய்த்துவிட்டு, ஒற்றைச் சடையாகத் தொளதொளப்பாகப் பின்னிவிடுங்கள். காலையில் சிக்கு பாதிதான் இருக்கும். மணிக்கட்டில் ரப்பர் பேண்டு மாட்டியிருந்தால் கழற்றுங்கள், இறுக்கமாக இருந்தால் ராத்திரியில் கை வீங்கலாம். விளக்கை அணைத்ததும் எழுந்துவிடாமல் ஐந்து நிமிடம் பக்கத்தில் படுத்திருங்கள். “இன்னைக்கு என்ன நடந்தது?” என்றால் “ஒண்ணுமில்ல” என்றுதான் பதில் வரும். “இன்னைக்கு யார் பக்கத்துல உட்கார்ந்த?” என்று கேட்டுப் பாருங்கள்.