மோட்டார் டிரைவர் சர்க்யூட்: சிமுலேஷன்ல ஓடுது, டேபிள்ல ஏன் எரியுது?

தண்டையார்பேட்டைல எங்க வீட்டு மாடில ஒரு டேபிள் போட்டு வச்சிருக்கேன், ஏரியா பசங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் எடுத்துட்டு வருவாங்க. போன மாசம் வந்த தம்பி பண்ணது, காசிமேட்டுல ஐஸ் பெட்டி தள்றவங்களுக்கு ஒரு மோட்டார் வண்டி. புதுப்பேட்டைல வாங்குன பழைய 12 வோல்ட் வைப்பர் மோட்டார், அதுக்கு மாஸ்ஃபெட் (கரண்ட்ட ஆன் ஆஃப் பண்ற ஸ்விட்ச் மாதிரி ஒரு பார்ட்) வச்சு அவனே பண்ண ஹெச் பிரிட்ஜ், அதாவது மேல ரெண்டு கீழ ரெண்டு ஸ்விட்ச் வச்சு மோட்டார ரெண்டு பக்கமும் சுத்த வைக்கற சர்க்யூட். "அண்ணா, சிமுலேஷன்ல சூப்பரா ஓடுதுணா, இங்க மாட்டுனா மாஸ்ஃபெட் போயிட்டே இருக்கு"ன்னான். ஃபைல திறந்து பாத்தேன், மோட்டார் இருக்க வேண்டிய எடத்துல ஒரு 8 ஓம் ரெசிஸ்டர் இருந்துச்சு.

அந்த 8 எப்படி வந்துச்சுன்னா, வண்டி சக்கரத்த தூக்கி வச்சு சும்மா ஓட விட்டு கரண்ட் அளந்திருக்கான், 1.5 ஆம்பியர், 12ஐ 1.5ஆல வகுத்தா 8. நான் பாத்த வரைக்கும் பசங்க அதிகமா பண்ற தப்பு இதுதான். மோட்டார் ஓடும்போது அதுவே ஜெனரேட்டர் மாதிரி ஒரு வோல்டேஜ எதிர்ப்பக்கம் உண்டாக்குது, பேக் இஎம்எஃப்னு சொல்றது அததான். ஷாஃப்ட்ட அசையாம புடிச்சு 1 ஆம்பியர் விட்டு காயில்ல எவ்ளோ வோல்ட் விழுதுன்னு பாத்தோம், 0.8 வோல்ட், அப்ப நிஜ ரெசிஸ்டன்ஸ் 0.8 ஓம்தான். (மல்டிமீட்டர் ஓம் ரேஞ்ச இதுக்கு நம்பாதீங்க, ப்ரோப் ஒயரே 0.2, 0.3 காட்டும். ஷாஃப்ட்ட நாலஞ்சு பொசிஷன்ல திருப்பி வச்சு அளங்க, பிரஷ் உக்கார்ற எடத்த பொறுத்து மாறும்.)

இப்ப கணக்கு போடுங்க. நின்னுட்டு இருக்கற மோட்டாருக்கு 12 வோல்ட் குடுத்தா 12ஐ 0.8ஆல வகுக்கணும், 15 ஆம்பியர். ஸ்டார்ட் ஆகற நொடியும் அதான், சக்கரம் மணல்ல சிக்கி நின்னாலும் அதான். ரிவர்ஸ் போட்டா இன்னும் மோசம், ஓடிட்டு இருக்கும்போது பேக் இஎம்எஃப் 10.8 வோல்ட், டக்குனு திருப்புனா அது 12ஓட சேந்துக்கும், 22.8ஐ 0.8ஆல வகுத்தா 28.5 ஆம்பியர். தம்பி ரிவர்ஸ் டெஸ்ட் பண்ணும்போதுதான் மாஸ்ஃபெட் போனது. ரெசிஸ்டர் மாடல்ல இது எந்த காலத்துலயும் தெரியவே தெரியாது.

சரியான மாடல் ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல, ரெசிஸ்டர், இண்டக்டர், கெப்பாசிட்டர் மூணையும் சீரிஸ்ல போட்டா போதும். அந்த கெப்பாசிட்டர்ல நிக்கற வோல்டேஜ்தான் பேக் இஎம்எஃப், கெப்பாசிட்டரோட மதிப்பு சுழல்ற பாகத்தோட இனெர்ஷியாவ மோட்டார் கான்ஸ்டன்ட்டோட ஸ்கொயரால வகுத்தா வரும். லோடு வேணும்னா கெப்பாசிட்டருக்கு பேரலலா ஒரு கரண்ட் சோர்ஸ் போடுங்க. இந்த மோட்டார்ல இண்டக்டன்ஸ் 0.8 மில்லி ஹென்றி வந்துச்சு, டைம் கான்ஸ்டன்ட் (கரண்ட் எவ்ளோ வேகமா ஏறி இறங்கும்ங்கறதோட அளவு) 1 மில்லி செகண்ட். ஆர்டுயினோ ஊனோ போர்டுல சும்மா அனலாக்ரைட் போட்டா பெரும்பாலான பின்ல வோல்டேஜ் ஆன் ஆஃப் ஆகறது 490 ஹெர்ட்ஸ், ஒரு சைக்கிள் 2 மில்லி செகண்ட், அதனால கரண்ட் ஒவ்வொரு சைக்கிள்லயும் மேல ஏறி கீழ விழும், சூடு ஆகறது ஆர்எம்எஸ் கரண்ட்டாலதான் (ஸ்கொயர் பண்ணி, சராசரி எடுத்து, ரூட் போட்டா வர்றது), நீங்க பாக்கற ஆவரேஜால இல்ல. 20 கிலோ ஹெர்ட்ஸுக்கு போனா கிட்டத்தட்ட நேர்கோடா நிக்கும்.

அடுத்தது சூடு. எல்298ங்கற ரெடிமேட் ஹெச் பிரிட்ஜ் சிப்ப 2 ஆம்பியர் சிப்னு வாங்கிடறாங்க, ஆனா டேட்டாஷீட்ல 2 ஆம்பியர்ல மேல ஸ்விட்ச், கீழ ஸ்விட்ச் ரெண்டும் சேத்து 4.9 வோல்ட் வரைக்கும் விழலாம்னு போட்டிருக்கு, 12ல மீதி எவ்ளோ மோட்டாருக்கு போகும்னு பாத்துக்கோங்க. மாஸ்ஃபெட் நல்லதுதான், ஆனா கேட்டுக்கு (அத ஆன் பண்ற காலுக்கு) எவ்ளோ வோல்ட் குடுக்கறோம்ங்கறது முக்கியம். ஐஆர்எஃப்540என்ல எழுதியிருக்கற 44 மில்லி ஓம் கேட்ல 10 வோல்ட் இருந்தா மட்டும்தான், 5 வோல்ட்ல அது அரைகுறையா ஆன் ஆகும். ஐஆர்எல்இசட்44என் 5 வோல்ட்லயே 25 மில்லி ஓம், அதுலயும் 15 ஆம்பியர் நின்னா 5.6 வாட், ஹீட் சிங்க் இல்லாத டிஓ-220 பேக்கேஜுக்கு வாட்டுக்கு 62 டிகிரி ஏறும், கணக்கு 350 டிகிரிக்கு போகுது, அதுக்கு முன்னாடியே ஆள் காலி. அந்த 25 மில்லி ஓம் கூட 25 டிகிரில சொன்னது, சூடாக ஆக ஏறும். நம்ம ஊர் மே மாசத்துல மூடுன டப்பாக்குள்ள வச்சா 50ல ஆரம்பிக்கறதா நெனச்சு போடுங்க.

அப்புறம் ஐடியல் சோர்ஸ், அதாவது எந்த குறையும் இல்லாத கற்பனை பேட்டரி. சிமுலேஷன்ல பேட்டரி எவ்ளோ கரண்ட்ட திருப்பி அனுப்புனாலும் வாங்கிக்கும், எஸ்எம்பிஎஸ் (வீட்டு கரண்ட்ல ஓடற பவர் சப்ளை) வாங்காது, பிரேக் போட்டா சப்ளை லைன் வோல்டேஜ் மேல ஏறும். சோர்ஸுக்கு சீரிஸ்ல ஒரு டயோடு போட்டு ரன் பண்ணா அது தெரியும். ஒயரையும் மறக்காதீங்க, 30 சென்டிமீட்டர் ஒயர்னா சுமாரா 0.3 மைக்ரோ ஹென்றி, 15 ஆம்பியர் 100 நானோ செகண்ட்ல கட் ஆனா 45 வோல்ட் ஸ்பைக், 12ஓட சேந்தா 57, மாஸ்ஃபெட் தாங்கறது 55. பிரிட்ஜ் பக்கத்துலயே நல்ல கெப்பாசிட்டர் ஏன் வைக்க சொல்றாங்கன்னு இப்ப புரியும். சிமுலேஷன் டைம் ஸ்டெப்ப 50 நானோ செகண்டுக்கு கீழ வைங்க, இல்லன்னா இந்த ஸ்பைக்கும் தெரியாது, மேலயும் கீழயும் ஒண்ணா ஆன் ஆகற ஷூட் த்ரூவும் தெரியாது.

மேல இருக்கற மாஸ்ஃபெட்ட ஓட்ட ஒரு மிதக்கற வோல்டேஜ் சோர்ஸ் போட்டுட்டு போறாங்க, அதுவும் வேணாம். ஐஆர்2104 மாதிரி கேட் டிரைவர் சிப்போட மாடலே போடுங்க, 520 நானோ செகண்ட் டெட் டைம் (மேலயும் கீழயும் ரெண்டுமே ஆஃப்ல இருக்கற இடைவெளி) அதுக்குள்ளயே இருக்கு, மேல மாஸ்ஃபெட்டோட கேட்டுக்கு வோல்டேஜ் குடுக்கற பூட்ஸ்ட்ராப் கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகணும்னா கீழ இருக்கறது அப்பப்ப ஆன் ஆகணும், அதனால 100 சதவீதம் டியூட்டி (சைக்கிள்ல முழு நேரமும் ஆன்) நடக்காது. தம்பிக்கு 95ல நிறுத்தி, ஸ்டார்ட்டுக்கு மெதுவா ஏத்தற மாதிரி ஒரு ராம்ப் போட்டு, ரிவர்ஸுக்கு முன்னாடி சக்கரம் நிக்கற வரைக்கும் காத்திருக்கற மாதிரி கோட மாத்துனோம். அதே சக்கரம், அதே லோடு, ஸ்கோப்புல பீக் 7 ஆம்பியர தாண்டல.