உதய்ப்பூரில் குடும்ப விழா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த ஜனவரியில் ஒரு காலை, உதய்ப்பூர் ஜகதீஷ் ஆலயத்தின் எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தேன். தமிழ்க் குரல்கள் கேட்டுத் திரும்பினால், முச்சந்தியின் நடுவே பெட்டிகள் குவிந்து கிடந்தன. பதினைந்து பேர் இருப்பார்கள். பட்டுப்புடவைமேல் ஸ்வெட்டர் போட்ட ஒரு பாட்டி, பூட்டியிருந்த ஓவியக் கடையின் படியில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். அவருடைய மகன், "வேன் உள்ளே வராது என்று ஏன் முன்பே சொல்லவில்லை?" என்று தொலைபேசியில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அதே முச்சந்தியில் நின்று அதே கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன். அன்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என் பெரியப்பா.

குடும்ப விழாக்களை ஒட்டிய பயணங்களை ஏற்பாடு செய்துகொடுப்பது இப்போது என் தொழில். ஊரில் அறுபதாம் கல்யாணமோ சதாபிஷேகமோ முடிந்ததும், உறவெல்லாம் சேர்ந்து நான்கு நாள் எங்காவது போய் வர நினைப்பவர்கள்தான் என்னிடம் வருகிறார்கள். அவர்களில் பலர் உதய்ப்பூரைக் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய ஊர்தான். அடையாள அட்டை, மாத்திரைப் பெட்டி போன்றவற்றை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அனுபவம் இல்லாதவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

நம் ஊர் நாட்காட்டியை மட்டும் பார்த்துத் தேதி குறிப்பது

நவம்பரில் தேவ் உத்தானி ஏகாதசி கழிந்ததும் ராஜஸ்தானில் முகூர்த்த காலம் தொடங்கிவிடும். நாடு முழுவதிலுமிருந்து பணக்காரக் குடும்பங்கள் திருமணம் நடத்த உதய்ப்பூருக்கு வருவார்கள். அந்த நாட்களில் அறை வாடகை ஏறிவிடும். பிச்சோலா ஏரி நடுவே இருக்கும் ஜக் மந்திர் என்ற தீவு மாளிகையை ஒரு கல்யாண வீட்டார் மொத்தமாக எடுத்திருந்தால் உங்கள் படகு அங்கே நிற்காது. தாத்தாவின் நட்சத்திரத்தை மட்டும் பார்த்து டிக்கெட் எடுத்தவர்கள், ஊருக்குப் போய் இறங்கிய பிறகுதான் இதைத் தெரிந்துகொள்கிறார்கள்.

நமக்கு மார்கழியில் கல்யாணம் இல்லை. சூரியன் தனுசு ராசியில் இருக்கும் அதே மாதத்தில், கர்மாஸ் என்று சொல்லி அவர்களும் முகூர்த்தம் வைப்பதில்லை. ஆகையால் டிசம்பர் நடுவிலிருந்து கிறிஸ்துமஸ் விடுமுறைக் கூட்டம் தொடங்கும்வரை ஒரு வாரமும், புத்தாண்டு ஆரவாரம் அடங்கியதிலிருந்து பொங்கல்வரை பத்து நாளும் எனக்குப் பிடித்த காலம். பிள்ளைகளின் பள்ளி விடுமுறை அதோடு எப்போதும் பொருந்தாது. அந்தச் சிக்கலுக்கு என்னிடமும் வழி இல்லை.

கோடையில் போவது

வேண்டாம். வெயில் 40 டிகிரியைத் தாண்டும்.

'ஏரி தெரியும் அறை'

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்குக் கோபம் வருவது இந்தத் தவறைப் பார்த்துத்தான்.

பிச்சோலா ஏரி 1362-ல் வெட்டப்பட்டது. இரண்டாம் உதய் சிங் 16-ஆம் நூற்றாண்டில் அதன் கிழக்குக் கரை மேட்டில் அரண்மனை கட்டத் தொடங்கினார், அதைச் சுற்றி ஊர் வளர்ந்தது. லால் காட், கங்கோர் காட் என்ற படித்துறைகளை ஒட்டிய வீடுகள் எல்லாம் ஒடுங்கிய மனையில் மேல்நோக்கி எழும்பியவை. சந்துகள் அந்தக் காலத்து அளவில்தான் இன்றும் இருக்கின்றன. இரண்டு ஆட்டோக்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்கியாக வேண்டும். ஹவேலி என்று சொல்லும் அந்தப் பழைய மாளிகை வீடுகளில் பல இன்று விடுதிகள். இணையத்தில் நீங்கள் பார்க்கும் படம், வளைவு ஜன்னலுக்கு வெளியே ஏரியும் அதில் மிதக்கும் வெள்ளை மாளிகையும், பெரும்பாலும் இந்த விடுதிகளின் மூன்றாம் மாடியிலிருந்து எடுத்தது. படம் பொய் இல்லை. ஆனால் அந்த ஜன்னலுக்குப் போகும் படிக்கட்டு படத்தில் வராது.

பெரியப்பாவின் எண்பதாவது பிறந்தநாளுக்குப் பத்தொன்பது பேராகப் போனோம். ஏற்பாடு முழுவதும் என்னுடையது. லால் காட் அருகே ஒரு ஹவேலியில் நான்கு இரவுக்கு ஒன்பது அறைகளைப் பிடித்து முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டியிருந்தேன். ஜகதீஷ் முச்சந்திக்கு முன்பே வேன் நின்றுவிட்டது. ஆட்டோக்களில் மாறிப் போய்ச் சேர்ந்தோம். அவருக்கு மிகச் சிறந்த அறை என்று நான் தேர்ந்தெடுத்தது மூன்றாம் மாடியில் இருந்தது. 61 படிகள். ஒவ்வொரு படியும் ஏறக்குறைய ஓர் அடி உயரம். நடுவில் தேய்ந்து குழிந்த கல். திருப்பத்தில் கைப்பிடி கிடையாது, பற்றிக்கொள்ள ஒரு தடித்த கயிறு தொங்கும். அந்தக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பெரியப்பா ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறினார். கீழ்த்தளத்தில் அறை கேட்டேன். காலியாக இருந்த ஒன்றே ஒன்றின் ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர்தான் தெரிந்தது. "ஏறியாகிவிட்டது, விடு" என்றார்.

மறுநாள் காலை அவருடைய முழங்கால் வீங்கிவிட்டது. அன்று மாலைதான் பிறந்தநாள். விருந்து மொட்டைமாடியில், இன்னும் 22 படி மேலே. "நீங்கள் எல்லோரும் போங்கள். எனக்கு ஒரு டம்ளர் பால் அனுப்பினால் போதும்" என்றார். பேத்தி ஒரு தட்டில் கேக்கும் மெழுகுவர்த்தியும் எடுத்து வந்தாள். கட்டிலில் உட்கார்ந்தபடியே வெட்டினார். அறையில் நான், பெரியம்மா, பேத்தி மூன்று பேர்தான் இருந்தோம். மேலே பாட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அன்றிரவு மாடியில் எடுத்த படம் இன்றும் அவர்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. பின்னால் விளக்குகளோடு ஏரி, முன்னால் உறவினர்கள் எல்லோரும். எண்பது வயதானவர் அந்தப் படத்தில் இல்லை.

மூன்றாம் நாள் காலை விடுதிப் பையன்கள் இருவர் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துக் கீழே இறக்கினார்கள். வயதான நான்கு பேரையும் வேறு ஹோட்டலுக்கு மாற்றினேன். ஹவேலிக்குக் கட்டிய பணத்தில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை. ஒப்புக்கொண்ட நிபந்தனை அது, அவர்கள்மேல் தவறு இல்லை. பணம் போனது பெரிதில்லை. யாருக்காக அந்தப் பயணமோ, அவருடைய முழங்காலை நினைக்காமல் ஜன்னலைத் தேர்ந்தெடுத்தேனே, அதுதான் இன்றும் உறுத்துகிறது.

இதைத் தவிர்ப்பது எளிது, இருந்தும் யாரும் தவிர்ப்பதில்லை. 'லிஃப்ட் இருக்கிறதா?' என்று மட்டும் கேட்டால் 'இருக்கிறது' என்ற பதில்தான் வரும். வாசலிலிருந்து லிஃப்ட் வரை எத்தனை படி என்று கேளுங்கள். வாசல் உயரமாகவும், லிஃப்ட் உள்முற்றத்துக்கு அப்பால் பதினான்கு படி ஏறிய பிறகும் இருந்த இடத்தை நானே பார்த்திருக்கிறேன். லிஃப்ட் மொட்டைமாடி வரை போகிறதா, கடைசி மாடியோடு நின்றுவிடுகிறதா என்று கேளுங்கள். வேன் எந்த இடம்வரை வரும், அங்கிருந்து எத்தனை நிமிட நடை என்பதையும் கேளுங்கள். குளியலறை வாசலில் தடுக்கும் உயரத்துக்குக் கல்படி இருக்கிறதா என்பது யாரும் கேட்காத கேள்வி. இரவில் விழுவது அங்கேதான். கடைசியாக, தெருவிலிருந்து அறைக்கட்டில் வரை ஒருவர் நடந்துகொண்டே எடுத்த வீடியோவை அனுப்பச் சொல்லுங்கள். நல்ல விடுதிக்காரர்கள் பத்து நிமிடத்தில் அனுப்பிவிடுவார்கள். அனுப்பத் தயங்கும் இடத்துக்குப் பெரியவர்களை அழைத்துப் போகாதீர்கள்.

நான் இப்போது பெரியவர்கள் உள்ள குடும்பங்களை ஃபதே சாகர் ஏரிப் பக்கம் தங்கவைக்கிறேன். அங்கே சாலை அகலம், வேன் வாசலுக்கே வரும். பிச்சோலா அங்கிருந்து ஆட்டோ தூரம்தான். பழைய ஊரை மாலையில் ஆட்டோவில் போய்ப் பார்த்து, நல்ல கால்களோடு இருப்பவர்கள் சந்துகளில் சுற்றிவிட்டுத் திரும்பலாம். இளையவர்கள் ஹவேலிதான் வேண்டுமென்று அடம்பிடித்தால், அவர்கள் ஓர் இரவு மட்டும் அங்கே தங்கிக்கொள்ளட்டும்.

ஏரி அரண்மனையை ஒரு நடை பார்த்துவிட்டு வருவது

முடியாது. ஏரியில் மிதப்பதுபோல் தெரியும் அந்த வெள்ளை மாளிகை, ஜக் நிவாஸ், 1963 முதல் ஹோட்டல். முன்பதிவு இல்லாதவர்களுக்கு உள்ளே இடம் இல்லை.

அரண்மனை முழுவதையும் எல்லோரும் சேர்ந்தே பார்ப்பது

சிட்டி பேலஸ் ஒரே அரண்மனை இல்லை. பல தலைமுறை மகாராணாக்கள் ஏறக்குறைய 400 ஆண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிச் சேர்த்த மாளிகைகளின் தொகுப்பு. அருங்காட்சியகப் பாதை ஒடுங்கிய படிகள், குனிந்து நுழையும் வாசல்கள், ஒருவர் மட்டுமே போகக்கூடிய நடைகள் வழியாகப் போகிறது. பகைவர்கள் கூட்டமாக ஏற முடியாதபடி அப்படிக் கட்டினார்கள் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். உள்ளே நுழைந்துவிட்டால் கூட்டமுள்ள நாளில் பாதியில் திரும்புவது கடினம். பின்னால் வருபவர்களின் வரிசை உங்களைத் தள்ளிக்கொண்டே போகும்.

இருந்தாலும் பார்க்கத்தான் வேண்டும். பல படிகள் ஏறி மூச்சிரைக்கப் போய் நின்றால், மேல்தளத்தில் பாடி மஹால் தோட்டத்தில் மரங்கள் மண்ணில் வேரூன்றி நிற்கும். மாடித் தோட்டம் என்று நினைப்போம், ஆனால் அது குன்றின் உச்சி. அரண்மனை அதைச் சுற்றிக் கட்டப்பட்டிருக்கிறது. மோர் சௌக்கில் கண்ணாடித் துண்டுகள் பதித்த மயில்களின் முன் பிள்ளைகள் நகரமாட்டார்கள்.

ஏற முடிகிறவர்கள் ஏறட்டும். முடியாதவர்கள் மாணிக் சௌக் என்ற பெரிய முற்றத்தில், வெயில் விழும் இடமாகப் பார்த்து உட்காரட்டும். அங்கிருந்தே அரண்மனையின் முழு முகப்பும் தெரியும். அவர்களோடு வீட்டார் ஒருவர் இருக்க வேண்டும். யார் என்பதை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். வாசலில் வைத்துப் பேசினால் யாரும் முன்வரமாட்டார்கள், பெரியவருக்குத்தான் வருத்தம். ஜகதீஷ் ஆலயத்துக்கும் இதுவே பொருந்தும். 1651-ல் கட்டி முடித்த அந்தக் கோயிலுக்குச் செங்குத்தான 32 படிகள். பெருமாளைப் பார்க்காமல் வரமாட்டேன் என்று பாட்டி சொன்னால், கூட்டம் சேருமுன் காலையிலேயே கூட்டிப் போங்கள்.

டிசம்பரில் மொட்டைமாடி இரவு விருந்து

குளிரும். சாப்பாடு ஆறிப்போகும். மதியத்துக்கு வையுங்கள்.

ஒரே நாளில் நாத்வாரா, கும்பல்கட், ரணக்பூர்

வரைபடத்தில் மூன்றும் ஒரு வட்டமாகத் தெரிவதால் இந்த ஆசை வருகிறது. வட்டம் 200 கிலோமீட்டரைத் தாண்டும், அதில் கணிசமான பகுதி மலைப்பாதை. அதைவிடப் பெரிய தொல்லை நேரம். நாத்வாராவில் ஸ்ரீநாத்ஜி என்ற கண்ணனுக்கு நாளில் எட்டு தரிசனங்கள், ஒவ்வொன்றும் சிறிது நேரம்தான் திறந்திருக்கும். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். 1,444 தூண்கள் உள்ள ரணக்பூர் ஜைனக் கோயிலில் காலை நேரம் வழிபாட்டுக்கு. சுற்றுலாப் பயணிகளை நண்பகலுக்குப் பிறகுதான் விடுகிறார்கள், தோல் பெல்ட்டையும் கைப்பையையும் வெளியே வைக்க வேண்டும். கும்பல்கட் கோட்டையில் 36 கிலோமீட்டர் நீள மதில் கண்ணுக்கு விருந்துதான், ஆனால் மேல் மாளிகைக்குச் சரிவுப் பாதையில் நடந்துதான் ஏற வேண்டும்.

பெரியவர்கள் இருந்தால் நாத்வாராவும், போகும் வழியிலேயே இருக்கும் ஏகலிங்கஜி சிவன் கோயிலும் போதும். உதய்ப்பூரை ஆண்ட மேவார் மகாராணாக்கள் தங்களை ஏகலிங்கஜியின் திவான்கள் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள், நாட்டுக்கு அரசர் அவரே. கோட்டை பார்க்க விரும்பும் இளையவர்கள் தனி வண்டியில் வேறு நாள் போகட்டும்.

விழாவை இரவுக்குத் தள்ளுவது

கேக் வெட்டுவது என்றால் இரவுதான் என்று எப்படியோ பழகிவிட்டது. எண்பது வயதில் இரவு ஒன்பது மணிக்கு யாரும் தெளிவாக இருப்பதில்லை. பயண அலுப்பு வேறு. அந்த ஊரின் வெளிச்சத்தைக் கணக்கில் எடுங்கள். டிசம்பர் இறுதியில் அங்கே சூரியன் எழ ஏழேகால் ஆகிவிடும், நம் ஊர்க் காலை அங்கே இல்லை. ஆகையால் காலை விழா என்று ஆறு மணிக்கு எல்லோரையும் எழுப்பாதீர்கள். மாலை நாலரைக்குமேல் மேற்குக் கரையில் அம்ப்ராய் காட் படித்துறைக்குப் போனால், எதிர்க்கரையில் அரண்மனைச் சுவர் முழுவதும் மஞ்சள் வெயில் விழும். ஒரு கால்மணி நேரம் அது தேன் நிறமாக மாறும். சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும். படமெடுப்பவரை அரண்மனைப் பக்கம் பார்க்க நிறுத்தினால் அவருடைய நிழல்தான் எதிரே இருப்பவர்மேல் விழும், அதனால் பெரியவரைப் பக்கவாட்டில் உட்காரவைத்து, கன்னத்தில் வெயில் படும்படி எடுங்கள்.

சென்ற ஆண்டு ஒரு ஐம்பதாவது திருமண நாளை அங்கேதான் வைத்தோம். மாலை மாற்றிக்கொண்டார்கள், பேரக்குழந்தைகள் பூப்போட்டார்கள், ஆறு மணிக்குள் எல்லாம் முடிந்து ஆட்டோவில் ஏறிவிட்டோம். ஆட்டோ படித்துறைக்கு அருகே வரை போகும். உட்கார நாற்காலி அங்கே கிடைக்காது. தங்கும் ஹோட்டலில் சொல்லி இரண்டு மடக்கு நாற்காலிகளை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு சால்வையும்.