வேலூரில் பழைய மரச்சாமானும் பித்தளையும் தேடி வருகிறவர்களுக்கு

காரைக்குடிக்குப் போனால் தெரு நெடுகப் பழம்பொருள் கடைகள் இருக்கும். பாண்டிச்சேரியில் வெள்ளைச் சுவர், மஞ்சள் விளக்கு என்று அழகாக அடுக்கி வைத்து, தொட்டுப் பார்க்கவே கூச்சமாக இருக்கிற மாதிரி விற்பார்கள். வேலூரில் இந்த இரண்டையும் எதிர்பார்த்து வராதீர்கள். இங்கே பழைய பொருள் எல்லாம் வேறு ஏதோ ஒரு கடைக்குள் ஒண்டிக்கொண்டு இருக்கிறது. வீடு இடித்த மரம் விற்கும் இடத்தில் கதவோடு கதவாகச் சாய்ந்திருக்கும், பாத்திரக் கடையின் பின்கட்டில் எடைக்கு வந்த பித்தளைக் குவியலில் கிடக்கும், காயலான் கடையில் சைக்கிள் ஃபிரேமுக்கு அடியில் மாட்டிக்கொண்டிருக்கும். பாதி நேரம் உங்கள் பெரியம்மா வீட்டுப் பரணிலேயே இருக்கும். அதனால்தான் விலையும் இன்னும் பேசிப் பார்க்கிற அளவில் இருக்கிறது.

பரண் என்று சும்மா சொல்லவில்லை, முதலில் அங்கேதான் ஏற வேண்டும். மலேயா தோட்டங்களுக்கும் ஃபிஜிக்கும் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புக் காட்டுக்கும் கப்பல் ஏறியவர்களில் வட ஆற்காட்டுக்காரர்கள் நிறைய. நாலு தலைமுறை கழித்து அந்த வழியில் வருகிறவராக இருந்தாலும், போன வருடம் துபாய்க்குப் போனவராக இருந்தாலும், சொந்தக்காரர் வீட்டில் ஒரு பித்தளைத் தவலையோ கல்லாப்பெட்டியோ ஊஞ்சல் பலகையோ கட்டாயம் இருக்கும். அவர்களுக்கு அது இடத்தை அடைக்கிற சாமான். நீங்கள் கேட்டால், "இதப்போயி காசு குடுத்து வாங்குவியா, எடுத்துக்கினு போ" என்பார்கள். சும்மா எடுத்துக்கொண்டு போகாதீர்கள், பதிலுக்கு அவர்களுக்கு வேண்டியதை வாங்கிக் கொடுங்கள். ஊஞ்சல் பலகை மாதிரி பொருளுக்குப் பங்காளிகள் எத்தனை பேர் என்று கேட்டுவிட்டுத் தொடுவது இன்னும் நல்லது. ஒரு பலகைக்காகச் சித்தப்பாவும் பெரியப்பாவும் பேசாமல் போன வீடுகள் உண்டு.

ஒரு குழப்பத்தை இப்போதே தீர்த்துவிடலாம். தாத்தாவின் பத்திரத்தில் வட ஆற்காடு என்று இருக்கும் மாவட்டம் 1989இல் பிரிந்து, திருவண்ணாமலை தனியாகப் போனது. மிச்சம் இருந்த வேலூர் 2019இல் மூன்றானது. இன்றைக்கு ஆற்காடும் வாலாஜாவும் ராணிப்பேட்டை மாவட்டம், ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டம், குடியாத்தமும் பேர்ணாம்பட்டும் வேலூர் மாவட்டம். பொருள் தேடுகிறவருக்கு இவை எல்லாம் சேர்ந்து ஒரே வட்டாரம்தான். கார் வைத்துக்கொண்டால் பாலாற்றை ஒட்டி நெடுஞ்சாலையில் ஒரு நீளத்துக்குப் பார்த்துவிடலாம்.

இங்கே என்ன கிடைக்கும் என்பதற்கு ஊரின் கதையே பதில். கோட்டையில் பட்டாளம் இருந்தது, 1806 சிப்பாய்ப் புரட்சி நடந்த இடம். அமெரிக்க ஆற்காடு மிஷன்காரர்கள் 1853இலிருந்து இருந்தார்கள், அந்த மிஷன் குடும்பம் ஒன்றில் பிறந்த ஐடா ஸ்கடர் 1900இல் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கியதுதான் இன்றைய சிஎம்சி, அதாவது கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலையில் ராயபுரத்திலிருந்து கிளம்பி வந்து நின்றது வாலாஜா ரோடு ஸ்டேஷனில். அப்புறம் ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கம் தோல் வியாபாரத்தில் செழித்த பெரிய வீடுகள். பட்டாளம், பாதிரியார், ரயில்வே, தோல் மண்டி என்று இத்தனை பேரும் நாற்காலி மேஜையில் உட்கார்ந்து பழகியவர்கள். அதனால் செட்டிநாட்டுத் தூணையும் தஞ்சாவூர்த் தட்டையும் இங்கே தேடுவதைவிட, சாய்வு நாற்காலி, பிரம்பு பின்னிய சோபா, கண்ணாடி பதித்த அலமாரி, சாய்வாக எழுதுகிற மேஜை, கடைசல் கால் வைத்த கட்டில், வலைக்கதவு போட்ட பால் அலமாரி, இந்த ரகத்தைத் தேடுங்கள். இவை வெளிநாட்டு ஃபிளாட்டில் வைத்தாலும் பொருந்தும், உபயோகமும் ஆகும்.

மரக் கடையில் எப்படிப் பார்ப்பது

லாங் பஜாரில் அரை நாள் சுற்றினால் பாத்திரம், பூஜைச் சாமான், சில்லறைப் பொருள் பார்க்கலாம், ஆனால் மரச்சாமான் அங்கே குறைவு. மரத்துக்கு ஊர் விளிம்பில், நெடுஞ்சாலை ஓரத்தில், 'பழைய கதவு ஜன்னல் விற்பனை' என்று தகரத்தில் எழுதிப் போட்டிருக்கும் இடங்கள்தான். ஊருக்குள் எந்தத் தச்சரைக் கேட்டாலும் அப்போது எங்கே சரக்கு இறங்கியிருக்கிறது என்று சொல்வார், தச்சருக்குத் தெரியாமல் ஒரு வீடு இடிபடாது. ஆட்டோக்காரரிடம் "ஆன்டிக் ஷாப்" என்று கேட்காதீர்கள், நேராகக் கவரிங் நகைக் கடையில் இறக்கி விட்டாலும் ஆச்சரியம் இல்லை.

கடைக்காரர் பாயாக இருந்தால் "பாய்" என்றே கூப்பிடுங்கள், இல்லாவிட்டால் "அண்ணே". வெள்ளிக்கிழமை மதியம் பல கடைகள் தொழுகைக்கு மூடியிருக்கும், அந்த நேரத்தில் போய்க் கதவைத் தட்டாதீர்கள். "இன்னா சார் வேணும்?" என்று கேட்டால் உடனே சாய்வு நாற்காலி என்று சொல்லாமல், ஜன்னல் பார்க்க வந்தேன் என்று நாலு சாமானைப் புரட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் அதன் பக்கம் போங்கள். வெளிநாடு என்பது செருப்பைப் பார்த்தே தெரிந்துவிடும், அதை மறைக்க முடியாது, ஆசையை மறைக்கலாம்.

அந்தச் சாய்வு நாற்காலியையே எடுத்துக்கொள்வோம். கைகள் நீளமாக இருக்கும், அதற்கு அடியில் இன்னொரு கட்டை சுழன்று வெளியே வரும், காலை நீட்டிப் போட்டுக்கொள்ள. முதல் வேலை, அதைக் கவிழ்த்துப் போடுங்கள். மேலே யாரும் பாலிஷ் அடிக்கலாம், அடியில் அடிப்பதில்லை. பழைய கையறுப்பு மரத்தில் ரம்பம் போன தடம் சாய்வும் மேடுமாக ஒழுங்கில்லாமல் தெரியும், மெஷினில் அறுத்தது ஒரே சீராக இருக்கும். இணைப்புகளைப் பாருங்கள்: கட்டையைக் கட்டையில் செருகி மூங்கில் ஆப்பு அடித்திருந்தால் நல்ல வேலை, புது ஸ்குருவும் ஃபெவிகாலும் தெரிந்தால் ஒட்டுப்போட்டது. சுழலும் கட்டையை வெளியே இழுத்து அதன்மேல் உங்கள் காலைப் போட்டுப் பாருங்கள். நாற்காலி முழுக்க நன்றாக இருந்தும் அந்தத் திருகு ஆணி ஓட்டை மட்டும் தேய்ந்து கட்டை தொங்கிப்போயிருக்கும். சரிசெய்யலாம், ஆனால் விலையில் கழிக்க வேண்டும். முதுகில் பிரம்புக்குப் பதில் பிளாஸ்டிக் ஒயர் பின்னியிருந்தால் பயப்படாதீர்கள். ஓரத்துத் துளைகள் பழையவையாக, பிளக்காமல் இருந்தால் போதும், பிரம்பு திரும்பப் பின்னிக்கொள்ளலாம்.

வண்டு அரித்த துளையைப் பார்த்ததும் ஓடிவிடவும் வேண்டாம், அசட்டையாக இருக்கவும் வேண்டாம். நாற்காலியைத் தரையில் இரண்டு தட்டு தட்டுங்கள். வெள்ளையாக மாவு கொட்டினால் வண்டு உள்ளே உயிரோடு இருக்கிறது, விட்டுவிடுங்கள். பழைய துளை, உள்ளே அழுக்கு அடைந்து கறுத்துப் போயிருந்தால் பிரச்சினை இல்லை.

எல்லாவற்றையும் பர்மா தேக்கு என்பார்கள். வேம்பு, பூவரசு, பலா எல்லாம் இந்தப் பக்கத்து வீடுகளில் தாராளமாகப் போட்ட மரம், அவற்றில் செய்த சாமானும் மட்டம் இல்லை. தேக்கு விலை கொடுக்காமல் இருந்தால் சரி. அடியில் தெரியாத இடத்தில் நகத்தாலோ சாவியாலோ லேசாகச் சுரண்டி முகர்ந்து பார்த்தால் தேக்குக்கு எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு வாசனை இருக்கும். ஒரு தச்சரை உடன் கூட்டிப்போவது இதைவிடப் பல மடங்கு மேல். அவருக்கு அரை நாள் கூலி கொடுங்கள், கடைக்காரரிடம் கமிஷன் வாங்கும் அவசியம் அவருக்கு இருக்காது.

வாங்கிய கையோடு பளபளவென்று பாலிஷ் போடச் சொல்லாதீர்கள். மெஷினில் தேய்த்தால் கை பட்டுப் பட்டு வந்த நிறம் ஒரு மணி நேரத்தில் போய்விடும். உப்புத்தாளைக் கையால் லேசாகப் போட்டு, அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் பூசுகிற பிரெஞ்சு பாலிஷ் தெரிந்த ஆளாகப் பிடியுங்கள். நேரமாகும். ஆகவே ஊருக்கு வந்த முதல் வாரத்திலேயே மரச்சாமானை முடித்துவிடுங்கள், கல்யாணம் காதுகுத்து எல்லாம் முடிந்த கடைசி மூன்று நாளில் அல்ல.

பித்தளை, மண், போகி

பித்தளையில் ஏமாறாமல் இருக்க ஒரே வழி, அன்றைக்குப் பழைய பித்தளை கிலோ என்ன விலை என்று வேறொரு கடையில் கேட்டுக்கொண்டு போவது. எடை விலைக்கு மேல் எவ்வளவு கேட்கிறார்களோ அதுதான் பழமைக்கும் வேலைப்பாட்டுக்கும் நீங்கள் கொடுப்பது, அதில்தான் பேரம். குடம், அண்டா, தவலை எதுவானாலும் கழுத்தையும் விளிம்பையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். சீர் கொடுத்தவர் பெயரோ வீட்டுப் பெயரோ புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும், சிலதில் தேதியும் இருக்கும். ஊர்ப் பெயரும் இருந்தால் விடாதீர்கள், உங்கள் ஊரே அகப்படலாம். கடைக்காரர் கணக்கில் பெயர் வெட்டிய பாத்திரத்துக்குத் தனி விலை கிடையாது. சமைக்க வேண்டுமென்றால் உள்ளே ஈயம் (வெள்ளீயம்) பூச வேண்டும், இங்கே கலாய் என்றும் சொல்வார்கள். ஈயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்பு வைத்துவிடாதீர்கள்.

வட ஆற்காட்டுக்கென்றே கரிகிரி மண்பாண்டம் என்று ஒன்று உண்டு, காட்பாடிப் பக்கத்துக் கரிகிரி பெயரில். பழசு கிடைப்பது அதிர்ஷ்டம், புதிதாகச் செய்ததையே வாங்கலாம், கைப்பையில் வைத்துக்கொண்டு போகிற அளவில்.

எப்போது வருவது? மே மாதம் வேண்டாம், வேலூர் வெயிலில் தகரக் கொட்டகைக்குள் மரம் புரட்ட முடியாது. டிசம்பர், ஜனவரி லீவில் வருகிறவர்களுக்குத்தான் யோகம். போகிக்கு முந்தைய வாரங்களில் வீட்டுக்கு வீடு வெள்ளையடித்து, பரணைக் காலி செய்து, வேண்டாததைக் காயலான் கடைக்குப் போடுவார்கள். அந்த நேரத்தில் கடைக்காரருக்கும் இடம் இல்லை, வந்ததைத் தள்ளிவிடவே பார்ப்பார். போகி கழிந்தபின் போனால் நல்ல மரம் அடுப்புக்கும் போகி நெருப்புக்கும் போயிருக்கும்.

தொடக் கூடாதவை

இதைக் கவனமாகப் படியுங்கள், ஏர்போர்ட்டில் மாட்டிக்கொண்டால் விலையைவிடச் செலவு அதிகம். 1972ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வயதுக்கு மேற்பட்ட கலைப்பொருளை, கைவினைப்பொருளை, தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. சுவடி, கையெழுத்துப் பிரதி என்றால் 75 வருடம். "நூத்தம்பது வருஷப் பழசு சார்" என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்னால், அது நிஜமாக இருந்தால் உங்களுக்கு ஆகாது, பொய்யாக இருந்தால் விலை ஆகாது. பழசுபோலத் தெரிகிற எதற்கும், தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் வாங்கிவிடுவது நல்லது. சென்னை அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கிறது, நான்கு பக்கமும் எடுத்த போட்டோவோடும் கடை பில்லோடும் போய் விசாரியுங்கள்.

சாமி சிலை, கோயில் தேரில் இருந்து வந்ததாகச் சொல்கிற மரச்சிற்பம், கோயில் மணி, இதையெல்லாம் ரோட்டோரத்தில் யார் நீட்டினாலும் கையில்கூட வாங்காதீர்கள். தமிழ்நாடு போலீசில் சிலைத் திருட்டுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. தந்தம் பதித்த பெட்டியும் வேண்டாம், எவ்வளவு பழசானாலும்.

மரத்தில் இரண்டு. ஈட்டி என்கிற தோதகத்தி, அந்த இனத்து மரங்கள் எல்லாமே 2017 முதல் சைட்டிஸ் பட்டியலில் (அரிய உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) உள்ளவை, அதில் செய்த பெரிய சாமானைக் கப்பலில் அனுப்ப அனுமதித் தாள் வேண்டும். தேக்குக்கு அந்தத் தொல்லை இல்லை. இன்னொன்று செம்மரம். சித்தூர் எல்லை பக்கத்திலேயே இருப்பதால் இந்தப் பகுதியில் செம்மரக் கடத்தல் கெடுபிடி அதிகம். செம்மரப் பொம்மை, செம்மரக் கட்டை என்று யாராவது மெதுவாகக் காதில் சொன்னால் பதில்கூடச் சொல்லாமல் நகர்ந்துவிடுங்கள்.

அனுப்புவது

ஒரு நாற்காலிக்காகத் தனிக் கன்டெய்னர் எடுக்க முடியாது. சென்னையிலிருந்து பல பேர் சரக்கைச் சேர்த்து அனுப்பும் ஏஜெண்டுகள் கன மீட்டர் கணக்கில் வாங்குவார்கள். கிலோ கணக்கு இல்லை, இடத்தின் கணக்கு. ஆகவே பிரித்துக் கட்டக்கூடியதாக வாங்குங்கள். கட்டில் கால் கழலும், மேஜை கால் பல சமயம் கழலும், அலமாரி கழலாது. கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு கட்டையிலும் பென்சிலால் எண் போடச் சொல்லுங்கள், அங்கே உங்களுக்குத் தச்சர் கிடைக்க மாட்டார்.

பேக்கிங் மரப்பெட்டி வெப்ப சிகிச்சையோ புகை மருந்தோ செய்த முத்திரை உள்ளதாக இருக்க வேண்டும், இது சர்வதேச விதி. ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்கு மரச்சாமானுக்கே பூச்சி மருந்து போட்ட சான்றிதழும் கேட்பார்கள், அதிலும் வண்டுத் துளை தெரிந்தால் இன்னும் கெடுபிடி. ஏஜெண்டிடம் விலை கேட்கும்போது சென்னையில் ஏற்றும் செலவை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள், பல பேர் விழுவது இங்கேதான். அங்கே துறைமுகத்தில் இறக்குவதும் கிடங்கு வாடகையும் சுங்கமும் யார் தலையில் என்று எழுத்தில் வாங்குங்கள். வேலூரிலிருந்து சென்னைக்குக் கொண்டுபோக மினி லாரி பிடித்தால், திரும்பும்போது காலியாகப் போகிற வண்டியா என்று விசாரித்துப் பேசுங்கள், வாடகை நன்றாகக் குறையும்.