கருநீலமா, பால்வெள்ளையா? சுவர்ச் சாயம் வாங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீபாவளி நெருங்கினால் மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊர்க் கடைகளில் சாய அட்டையை விரித்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக நிற்பார்கள். மகள் கருநீலம் என்பாள். அம்மா பால்வெள்ளை என்பார். இருவர் ரசனையிலும் குறையில்லை. ஒப்பிடும் முறையில்தான் கோளாறு.

கடை விளக்கடியில் பெருவிரல் அகல அட்டையைப் பார்த்து முடிவெடுப்பதுதான் பெரிய தவறு. சுவரில் விழும் வெளிச்சத்தில் எவ்வளவு திரும்பி வரும் என்பதைச் சில நிறுவனங்கள் நூற்றுக்கு இத்தனை என்று எண்ணாகவே தருகின்றன. பால்வெள்ளைக்கு அது பெரும்பாலும் 80ஐத் தாண்டும். கருநீலத்துக்கு 10ஐத் தொடுவதே அரிது. முன்னே ஒரு சன்னல், பின்னே ஒரு சன்னல் என்றிருக்கும் தோட்டத்து வீட்டின் நடு அறையில் நான்கு சுவரும் கருநீலமானால் பட்டப்பகலிலும் விளக்குப் போட வேண்டியதுதான். ஒரு சுவரோடு நிறுத்துங்கள். அதுவும் சன்னலுக்கு எதிர்ச்சுவராக இருக்கட்டும். சன்னல் உள்ள சுவரிலேயே அடித்தால் நீலம் கறுப்பாகத்தான் தெரியும்.

வெள்ளை என்றால் வம்பில்லை என்று நினைப்பவர்களும் ஏமாறுகிறார்கள். வாசலை ஒட்டிச் செம்பனை நின்றால் அதன் பச்சை சுவரில் ஏறும். இரவில் 3000 கெல்வின் மஞ்சள் விளக்கு பால்வெள்ளையை வெண்ணெய் நிறமாக்கும்; 6500 கெல்வின் வெண்விளக்கில் கருநீலம் இன்னும் குளிர்ந்து இறுகும். ஆகவே ஒரு பலகையில் இரண்டு பூச்சு அடித்து, காய்ந்தபின் காலையிலும் இரவிலும் அறைக்கு அறை நிறுத்திப் பாருங்கள். பழைய சுவரிலேயே தீட்டிப் பார்த்தால் சுற்றியுள்ள பழைய நிறம் கண்ணை ஏமாற்றும்.

ஈரம் வாங்கும் சுவரை மறந்துவிட்டு நிறத்தைப் பற்றி வாதாடுவதில் பயனில்லை. உப்புப் பூத்தால் கருநீலத்தில் வெள்ளைத் திட்டு. பூஞ்சை பிடித்தால் வெள்ளையில் கரும்புள்ளி. கசிவை அடைத்து, சுவர் நன்றாகக் காய்ந்தபின் காரம் தாங்கும் சீலர் என்ற அடிப்பூச்சை அடித்தாக வேண்டும். சாமி மாடத்துக்குப் பின்னால் பால்வெள்ளை அடிப்பவர்களின் துணிச்சலை மெச்சத்தான் வேண்டும்! கற்பூரக் கரி கருநீலத்தில் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் திருநீற்றுக் கை பட்டால் ஐந்து விரலும் அப்படியே பதிந்திருக்கும்.

டின் விலையை மட்டும் ஒப்பிடாதீர்கள். அடர்நிறச் சாயத்தில் மறைப்புத் தரும் வெண்பொடியான டைட்டானியம் டை ஆக்சைடு குறைவு. கருநீலத்துக்குச் சாம்பல் நிற அடிப்பூச்சும் மூன்றாம் பூச்சும் தேவைப்படலாம். கலந்த சாயத்தைக் கடைக்காரர் பெரும்பாலும் திரும்ப வாங்கமாட்டார். கலவை எண் ஒட்டிய மூடியை எறிந்துவிடாதீர்கள். மீண்டும் அதே நீலம் வேண்டுமென்றால் அந்த எண்ணைத்தான் கேட்பார்.